என் வயிற்றில் இருப்பது ஒரு வடுதான்

தம்பி,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க எனக்கு மனமில்லை. சுகந்தி அங்கே வவுனியாவில் நலமாக இல்லை என்று நீயே நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய். உன் கடிதம் வியாழக்கிழமை கைக்கு வந்தது. இரண்டு தரம் வாசித்தேன். மூன்றாம் தரம் எடுக்க அருவருப்பாக இருந்தது. மடித்துக் குசினியில் சீனிப் போத்தலுக்குக் கீழே வைத்தேன். பிறகு சீனி எடுக்கப் போகும்போதெல்லாம் அது கண்ணில் பட்டதால் அரிசிச் சாக்குக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். பெற்ற தாய் இப்படி எழுதலாமா என்று நீ கேட்பாய். எழுத்து மணிமணியாகத்தான் இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவன் அல்லவா. அந்த எழுத்தில்தான் நீ இதையெல்லாம் எழுதியிருக்கிறாய்.

நீ எழுதியதை உனக்கே திருப்பிச் சொல்கிறேன், கேள். இரண்டு வருடமாக உன் மனைவி சுகந்திக்கு அடிவயிற்றில் நோ. இடம்பெயர்ந்து ஓடிய காலத்தில் அவளுக்கு அப்பென்டிக்ஸ் வெடித்து, ஆஸ்பத்திரி போய்ச் சேரப் பிந்தி, உள்ளே சீழ் பரவியது. அந்த இடத்தில் குடலும் கர்ப்பப்பையும் ஒட்டிப் பிடித்திருக்கலாம், திறந்து பிரித்துவிட்டால் நோ குறையலாம், பிள்ளை தங்கவும் உதவலாம் என்று வவுனியாவில் டொக்டர் சொன்னார். அவள் பயப்படுகிறாள். அதனால் நீயே போய் அடுத்த மாதத்துக்குத் திகதி எடுத்துவிட்டாய், அவளுக்கு இன்னும் சொல்லவில்லை. "நோவோ நடிப்போ எண்டு சில நேரம் எனக்கே விளங்கேல்லை அம்மா" என்று எழுதியிருக்கிறாய். "நீங்கள் ஒப்பரேசன் செய்து வந்து அடுத்த போகமே வயலில இறங்கி அரிவு வெட்டின ஆள். அதை அவளுக்கு எழுதுங்கோ, நீங்கள் சொன்னாக் கேப்பாள்" என்றும் எழுதியிருக்கிறாய். கடைசியில், நான் மறந்துவிடுவேன் என்று பயந்தாயோ என்னவோ, "நான் உங்களுக்குப் பிணை நின்றவன்" என்று ஒரு வரி.

நீ கேட்ட கடிதத்தை நான் எழுதமாட்டேன். ஏன் எழுதமாட்டேன் என்பதை எழுதப்போகிறேன். அது உனக்கு இனிக்காது. எனக்கும் இனிக்கவில்லை. நீ என்மேல் வைத்திருக்கும் மதிப்பில் ஒரு பங்கு நான் சொன்ன பொய்யால் வந்தது. அந்தப் பொய்யைக் கொண்டுபோய் இப்போது அந்தப் பிள்ளை சுகந்தியை ஒப்பரேசன் மேசையில் கிடத்தப் பார்க்கிறாய். அதற்குப் பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தால் என்னைவிட அருவருப்பான மனுசி இந்த இரணைமடுப் பக்கத்தில் இருக்கமாட்டாள்.

நீ பிறந்தது என் வயிற்றை வெட்டி. தொப்புளுக்குக் கீழே நேராக ஒரு வெட்டு. அது பழுத்துச் சீழ் வைத்தது. ஒரு மாதம் அந்த மணத்தோடு படுத்திருந்தேன். பால் கொடுக்க உன்னைத் தூக்கினால் உன் தலையிலும் அந்த மணம் இருக்கும். வந்து பார்த்தவர்கள் வாசலோடு நின்று சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு பிள்ளை வடிவு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். புண் ஆறியது. நீ நடக்கத் தொடங்கிய பிறகுதான் நோ வந்தது. வயிற்றுக்குள் ஏதோ ஒன்று கொக்கியில் மாட்டிக்கொண்டு இழுபடுவதுபோல ஒரு நோ. பாயில் புரண்டால், மலங்கழிக்கப் போனால், மாதவிலக்கு வந்தால், சைக்கிள் கரியரில் இருந்து கிரவல் ரோட்டில் போனால். வேறொரு நேரத்திலும் வரும். அதைப் பிறகு சொல்கிறேன், சொல்லாமல் விடமாட்டேன்.

இதில் முதல் பிழை என்னுடையது. எங்கள் பக்கத்து மருந்துச்சாலையில் இருந்தவர் உன் அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி. எங்கள் வீட்டுக் கதிரையில் இருந்து என் கையால் சோறு சாப்பிடுகிற மனுசன். அவருக்கு முன்னால் போய் இந்த இடத்தில் நோகுது என்று எப்படிச் சொல்வது. "நெஞ்செரிவு" என்று சொன்னேன். குளிசை தந்தார். எனக்கு நெஞ்சு ஒருநாளும் எரிந்ததில்லை, இரண்டு வருடம் நெஞ்செரிவுக்குக் குளிசை குடித்தேன். குறையவில்லை என்று சொன்னபோது வேறு நிறத்தில் ஒரு குளிசை தந்தார். பாவம், அவர்மேல் பிழையில்லை.

பிறகு உன் மாமி, உன் அப்பாவின் அக்கா, என்னைக் கையில் எடுத்தா. ஒரு பிள்ளையோடு நின்றுபோனேன், கர்ப்பப்பை இறங்கிவிட்டது என்று அவாவே முடிவு கட்டினா. விடியக் காலை வெறும் வயிற்றில் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும். மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கவேணும். நான் வாந்தி எடுத்தால் "சத்தி எடுத்தாலும் கொஞ்சம் உள்ளுக்க நிக்கும்" என்று இன்னொரு முட்டையை உடைப்பா. வேலிக்கு அங்கால் நின்று, பெயர்கூடத் தெரியாத பொம்பிளைகள் எனக்குக் கடைசியாக எப்போது மாதவிலக்கு வந்தது, எத்தனை நாள் நின்றது, என்ன நிறம் என்று கேட்பார்கள். அக்கறை என்று அதற்குப் பெயர். பிறகு அம்மனுக்கு நேர்த்தி வைத்து, முள்ளியவளைப் பக்கத்துக் கோயிலில் என்னை அடியழிக்கச் செய்தா. ஓரடி வைத்து விழுந்து கும்பிட்டு எழும்பி, அடுத்த அடி வைத்து விழுந்து கும்பிட்டு, வீதி முழுக்க. உள்ளே ஒட்டிக்கிடந்த வயிற்றோடு சுடுமணலில் எத்தனை தரம் விழுந்தேன் என்று அம்மனுக்குத்தான் தெரியும். நான்கு நாள் நிமிர முடியவில்லை. நேர்த்தியில் ஏதோ குறை விட்டிருக்கிறேன் என்று மாமி சொன்னா. அன்றைக்கு எனக்கு அவாமேல் கோபம் வரவில்லை. குறை விட்டேனோ என்றுதான் யோசித்துக்கொண்டு கிடந்தேன். அதை நினைத்தால்தான் இப்போது பத்திக்கொண்டு வருகிறது.

கிளிநொச்சியை விட்டு எல்லாரும் ஓடிய வருடம் நாங்கள் துணுக்காய்க்குப் போனது உனக்கு நினைவிருக்கும். தறப்பாள் கொட்டில். இருபது குடும்பத்துக்கு ஒரு கக்கூசு. பக்கத்துக் கொட்டிலில் இராசம்மா. மலைநாட்டில் தோட்டத்தில் பிறந்து, கலவரத்தில் எல்லாம் எரிந்துபோய், வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். எங்கள் வயலிலும் கூலிக்குப் புல்லுப் பிடுங்கியவள். நோ வந்து நான் கக்கூசு வரிசையில் குந்திவிட்டால் எனக்காக வரிசையில் நிற்பாள். வாளி தூக்கித் தருவாள். அவள் வந்தால் நான் தேத்தண்ணீர் கொடுப்பேன். எங்களுக்குப் பித்தளை மூக்குப்பேணி. அவளுக்கு ஒரு பால்மாத் தகரம், விளிம்பைத் தட்டி மழுக்கியது. அது கொட்டிலுக்கு வெளியே கப்புக் கம்பில் தனியாகத் தொங்கும். உனக்கும் தெரியும், நீயும் கண்டிருக்கிறாய். வீட்டையும் வயலையும் விட்டு, ஒரே கக்கூசில் இருந்து எழும்பி வருகிற சனம், ஆனால் பேணி மட்டும் வேறு. அதைக்கூட நாங்கள் மறக்காமல் இடம்பெயர்த்துக் கொண்டுவந்திருந்தோம்.

அங்கேதான் ஒரு நாள் நோவில் அறிவு கெட்டு விழுந்தேன். துணுக்காயில் பார்த்த டொக்டர் புதிய மனுசன், எங்களுக்கு உறவில்லை. அவரிடம் முதல் தடவையாக உண்மையைச் சொன்னேன். வவுனியாவுக்குக் கடிதம் தந்தார். வன்னியை விட்டு வெளியே போகப் பாஸ் எடுக்கப் போனபோது, நான் திரும்பி வரும்வரை ஒருவர் இங்கே பிணை நிற்கவேண்டும் என்றார்கள். நீ நின்றாய். அதை நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன். உன் அப்பா கூட வரவில்லை. ஆஸ்பத்திரி மணம் அவருக்குச் சரிவராது என்று உனக்குத் தெரியும். மாமிக்குக் கால் வீக்கம். கடைசியில் கூட வர ஒப்புக்கொண்டவள் இராசம்மா. வாகனம் ஏறும்போது உன் அப்பா ஒட்டின உறை ஒன்றைத் தந்து "பெரிய டொக்டரிட்டக் குடு" என்றார். நான் சேலைப் பைக்குள் வைத்தேன். சோதனைச் சாவடியில் பையைக் கொட்டி எல்லாத்தையும் கிளறினார்கள். உள்பாவாடையைக்கூட ஒரு பொடியன் தடியால் தூக்கிப் பார்த்தான். அந்த உறையை மட்டும் ஒருவரும் பிரிக்கவில்லை.

வாட்டில் மூன்றாம் நாள் பெரிய டொக்டர் வந்தார். நித்திரை கொள்ளாத கண். சோதித்தார், ஸ்கான் பார்த்தார். நான் உறையைக் கொடுத்தேன். பிரித்து வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அம்மா, இதை வாசிச்சனீங்களோ?"

"இல்லை டொக்டர். அவர் உங்களுக்குத் தந்தது."

"வாசியுங்கோ" என்று நீட்டினார்.

உன் அப்பாவின் எழுத்து, உன்னுடையதைப் போலவே மணிமணியானது. தன் மனைவிக்கு எந்தச் சத்திரசிகிச்சையையும் செய்யத் தனக்குப் பூரண சம்மதம். தேவையென்றால் கர்ப்பப்பையை எடுக்கவும் சம்மதம். கீழே கையொப்பம். அதற்கும் கீழே இன்னும் இரண்டு வரி: "மனைவி பயந்த சுபாவம் உள்ளவர். அவரிடம் விருப்பம் கேட்டுத் தாமதிக்கவேண்டாம்."

அந்தக் காகிதத்தை நானே பையில் வைத்து, மடியில் அணைத்து, சாவடி சாவடியாக ஏறி இறங்கிக் கொண்டுவந்திருக்கிறேன், தம்பி. கால்நடை வைத்தியரிடம் மாட்டைக் கொடுத்தனுப்புகிறவன்கூட மாட்டின் கழுத்தில் சீட்டுக் கட்டுவதில்லை. டொக்டர் பக்கத்து ஸ்ரூலை இழுத்துப்போட்டு இருந்தார். அவருக்கு நேரம் இல்லை, அந்த வாட்டில் நிலத்திலும் ஆட்கள் படுத்திருந்தார்கள். ஆனாலும் இருந்தார்.

"ரெண்டு பப்படம் ஈரத்தோட ஒண்டில ஒண்டு காய்ஞ்சா ஒட்டுமெல்லோ, அப்பிடித்தான் உள்ளுக்க. பழைய சீழால ஒட்டினது. எவ்வளவு ஒட்டு எண்டு ஸ்கானில வடிவாத் தெரியாது, திறந்தாத்தான் தெரியும். நான் பிரிச்சு விடலாம். கனபேருக்குச் சுகம் வந்திருக்கு. சிலபேருக்கு வெட்டின இடத்தில திரும்ப ஒட்டும், நோவும் திரும்ப வரும். பிரிக்கேக்க குடல் கிழியவும் கூடும். செய்யாமல் விட்டா உடன உயிருக்கு ஒண்டுமில்லை. ஆனா வயிறு ஊதி, சத்தி நிக்காமல், மலமும் காத்தும் போகாமல் நிண்டா அது குடல் அடைப்பு. அப்ப யோசிக்க நேரமில்லை, வெட்டத்தான் வேணும். இப்ப யோசிக்கலாம். உங்களுக்கு என்ன விருப்பம்?"

"அவரைக் கேக்கவேணும்" என்றேன். கையில் அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டே சொன்னேன். பழக்கம் அப்படி.

"அவர் அங்கால நிக்கிறார். வயிறு இஞ்சதான் கிடக்கு" என்றார். "ரெண்டு நாள் யோசியுங்கோ."

இரண்டு நாளும் நான் நல்லாக யோசித்தேன் என்று உனக்குக் கதை விடமாட்டேன். பாதி நேரம் உன் அப்பாவை மனதுக்குள் ஏசிக்கொண்டிருந்தேன். மற்றப் பாதி, மேசையில் செத்துப்போனால் பிணை நின்ற நீ என்ன பாடுபடுவாய் என்று பயந்துகொண்டிருந்தேன். அடுத்த கட்டிலில் இருந்த பொம்பிளைக்கு இதே ஒப்பரேசன். பத்தாம் நாள் நேராக நடந்தா. "என்ர சீவியத்தில இண்டைக்குத்தான் நோகாமல் மூச்சு விட்டனான்" என்று சொன்னா. நிலத்தில் படுத்திருந்த இன்னொரு பொம்பிளைக்கு அது இரண்டாம் தரம். முதல் தரம் பிரித்தது திரும்ப ஒட்டிவிட்டது. இரண்டு பேரையும் பார்த்தேன், இரண்டு பேரிடமும் கேட்டேன். எனக்கு ஒரு வெளிச்சமும் வரவில்லை. இராசம்மாவிடம் கேட்டேன். அவள் என் துணியை அலசிப் பிழிந்துகொண்டிருந்தாள். என் படுக்கைச் சட்டியை முகம் சுளிக்காமல் எடுத்துக் கொட்டியவள் அவள். எங்கள் சனத்தில் ஒருவரும் அதைச் செய்திருக்கமாட்டார்கள். உன் அப்பா அந்த வாட்டு வாசலைக்கூட மிதித்திருக்கமாட்டார்.

"வேணும்னா வேணும்னு சொல்லுங்க, வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க அக்கா. ரெண்டுல எதுனாலும் ஒங்க கூடத்தான் நா இருக்கப்போறேன்" என்றாள். பிறகு என் பேணியில் இருந்த மிச்சத் தேத்தண்ணீரைக் கேட்டு வாங்கிக் குடித்தாள். நானும் அதே பேணியில் திரும்பக் குடித்தேன்.

வேண்டாம் என்று டொக்டரிடம் சொன்னேன். "சரி அம்மா, குடல் அடைச்ச குணம் வந்தா மட்டும் பிந்தாதேங்கோ" என்று சொல்லி, எப்படிச் சாப்பிடுவது, எந்தக் குளிசையை எப்போது எடுப்பது என்று சொல்லித் தந்தார். இது துணிச்சலான முடிவு என்று நினையாதே. பயமும் கோபமும் கலந்து எடுத்த முடிவு. சரியா பிழையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நோ கூடிய நாட்களில், செய்திருந்தால் சுகமாகியிருக்குமோ என்று நினைத்து அழுதிருக்கிறேன். ஆனால் அதுவரை என் உடம்பைப் பற்றி யாரோ ஒருவர் எடுத்த முடிவைத்தான் நான் விழுங்கியிருந்தேன், அந்தப் பச்சை முட்டையைப் போல. இது நானே எடுத்தது.

அதோடு நின்றிருந்தால் நல்லது. துணுக்காயில் வந்து இறங்கினேன். நீ ஓடி வந்தாய், உன் பிணை அன்றைக்குத்தான் விட்டது. "எல்லாம் முடிஞ்சுதோ?" என்று உன் அப்பா கேட்டார். மாமி பின்னால் நின்றா. இல்லை என்று சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரிந்தது. திரும்பப் பாஸ், திரும்பக் கடிதம், திரும்ப முட்டை, திரும்ப அம்மன். "ஓம், முடிஞ்சுது" என்றேன். இராசம்மா என்னைப் பார்த்துவிட்டு என் பையைத் தூக்கிக் கொட்டிலுக்குள் வைத்தாள். ஒரு மாதம் பாரம் தூக்கக்கூடாது என்று சொன்னேன், ஒருவரும் தூக்கச் சொல்லவில்லை. உன் அப்பா முதல் தடவையாகத் தண்ணீர் அள்ளி வைத்தார். வெட்டின வயிறென்றால் மரியாதை, வெட்டாத நோவுக்கு அது இல்லை. அடுத்த காலபோக அறுவடையில், பொய் வெளுத்துவிடக்கூடாதென்று அரிவாளை எடுத்துக்கொண்டு குத்தகை வயலில் இறங்கினேன். நீ வரம்பில் நின்று "அம்மா சுகமாகிட்டா" என்று மாமிக்குச் சொன்னது கேட்டது. வெட்டி முடிந்து மூன்று நாள் கொட்டிலுக்குள் சாக்கைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். வயிற்றாலடி என்று உன்னிடம் சொன்னேன். நீ சுகந்திக்கு உதாரணம் காட்டும் அரிவு வெட்டு அதுதான்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். வந்த வாரத்தில் இராசம்மா பார்க்க வந்தாள். நான் தேத்தண்ணீர் போட்டு, எழும்பிப் போய், வெளியே தொங்கிய அந்தத் தகரத்தை எடுத்துவந்து அதில் ஊற்றினேன். கை தானாகப் போனது. அவள் வாங்கிக் குடித்தாள். வாட்டில் நாங்கள் ஒரு பேணியில் குடித்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. அன்றைக்கே அதைத் தூக்கி எறிந்தேன் என்று எழுத ஆசைதான். எறியவில்லை. நாங்கள் இங்கே இரணைமடுவுக்குத் திரும்பி வரும்போது அது எங்கேயோ தவறிப்போனது, அவ்வளவுதான். உன் அப்பா எழுதிய கடிதத்தை நினைத்து எனக்கு எவ்வளவு அருவருப்போ, இந்தக் கையை நினைத்தும் அவ்வளவு அருவருப்பு.

இப்போது உன் விசயத்துக்கு வருகிறேன். இந்த நோவோடு எப்படிச் சமாளிக்கிறேன் என்று சுகந்திக்கு எழுதலாம், அது பொய்யில்லாத பங்கு. வயிறு முட்டச் சாப்பிடுவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாக நாலைந்து தரம். தண்ணீர் நிறைய. மலச்சிக்கல் வர விடுவதில்லை. நோ வந்தால் தவிட்டை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம். படுக்கும்போது முழங்காலுக்கு நடுவில் ஒரு தலையணை. படுத்தே கிடக்காமல் மெல்ல மெல்ல நடை. குளிசையை நோ முற்றுவதற்கு முன்பே எடுப்பது. இவை எனக்குச் சரிவந்தவை, அவளுக்கும் சரிவரும் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். அவளுடைய ஒட்டு வேறு, வயது வேறு. அவளுக்கு ஒப்பரேசன்தான் சரியாகவும் இருக்கலாம். அடுத்த கட்டில் பொம்பிளையைப் போல அவளும் பத்தாம் நாள் நோகாமல் மூச்சு விடலாம். நான் அதற்கு எதிரி இல்லை. நீ திகதி எடுத்த விதத்துக்குத்தான் எதிரி.

பிறகு சொல்கிறேன் என்றேன் அல்லவா, அந்த மற்ற நேரத்தைச் சொல்கிறேன். தாய் மகனுக்கு எழுதுகிற விசயமில்லை என்பார்கள். எழுதாமல் விட்டதால்தான் உன் அப்பாவும் நானும் இருபது வருடம் ஒருவரையொருவர் பிழையாக விளங்கிக்கொண்டு கிடந்தோம். இந்த நோவுக்காரிக்குப் புருசனோடு படுப்பது நோகும். வெட்கமோ வெறுப்போ நடிப்போ இல்லை, நோவு. உள்ளே ஒட்டியிருக்கிற இடம் இழுபடும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பேன், உன் அப்பா அதை என் குணம் என்று நினைத்தார். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பதை நான் அவர் குணம் என்று நினைத்தேன். "நடிப்போ" என்று நீ எழுதிய சொல் எங்கேயிருந்து வந்தது என்று எனக்கு விளங்காமல் இல்லை. அந்தச் சொல்லை இனி உன் வாயில் எடுக்காதே. அவளிடம் நோகுதோ என்று கேள். நோகுது என்றால் நிறுத்து. டொக்டரிடம் அதையும் சொல்லவேண்டும், நெஞ்செரிவு என்று சொல்லிவிட்டு வரக்கூடாது. பிள்ளை வேண்டுமென்றால், வெட்டினால் கட்டாயம் தங்குமா, வெட்டாமல் தங்க வழியில்லையா, திரும்ப ஒட்டினால் என்ன என்று அவள் முன்னால் இருந்து கேள். அவள் கேட்கட்டும், நீ பக்கத்தில் இரு. அதற்கு முதல் அந்தத் திகதியை அவளுக்குச் சொல். அவள் வேண்டாம் என்றால் ரத்துச் செய்.

நேற்றுப் பின்னேரம் உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உனக்குத் தெரிந்து அவருக்குத் தெரியாமல் இருக்கக்கூடாது. மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை நிமிரவில்லை. பிறகு, "அப்ப அந்த வடு?" என்று கேட்டார்.

"எந்த வடு?"

"வயித்தில கிடக்கிற வெட்டு."

"அது உங்கட மகன் பிறந்த வெட்டு" என்றேன். "அது ஒண்டுதான் எப்பவும் கிடந்தது."

வவுனியாவிலிருந்து வந்து நான்கு வருடம், தம்பி. அதற்கு முதல் இருபது வருடம். என் வயிற்றில் எத்தனை வடு என்று அந்த மனுசனுக்குத் தெரியாது. நான் பொய் சொல்லப் பெரிதாகக் கஷ்டப்படவில்லை, ஒருவரும் பார்க்கவில்லை. அவர் பிடியைக் கீழே வைத்தார். "நான் அப்பிடி எழுதியிருக்கக்கூடாது" என்றார். இரவு சோறு தானே போட்டுச் சாப்பிட்டார். எனக்கு அவர்மேல் இரக்கம் வரும் என்று எதிர்பார்த்தேன். இன்னும் வரவில்லை.

இந்தக் கடிதத்தைச் சாவடியில் யாரும் பிரித்து வாசித்தால் வாசிக்கட்டும். என் உள்பாவாடையைத் தூக்கிப் பார்த்தவர்கள் என் வயிற்றையும் பார்க்கட்டும், எனக்கு ஒளிக்க ஒன்றுமில்லை. இராசம்மா தன் மகளைப் பார்க்க நாளைக்கு வவுனியாவுக்கு வருகிறாள். அவள் கையில்தான் கொடுத்துவிடுகிறேன். காலையில் வந்து என்னோடு இருந்து, மூக்குப்பேணியில் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனாள். நீ நிற்கும்போது எப்போதாவது உங்கள் வீட்டுக்கு வந்தால் இருக்கக் கதிரை கொடு. அந்த வாட்டைப் பற்றி, வெட்டியவர்களைப் பற்றி, வெட்டாமல் வந்தவளைப் பற்றிச் சுகந்தி என்ன கேட்டாலும் அவள் சொல்லுவாள், எல்லாவற்றையும் கண்ணால் கண்டவள்.

நீ பள்ளிக்கூடம் போன பிறகு வரச் சொல்லியிருக்கிறேன். உறையின் மேல் உன் பெயரை எழுதவில்லை, சுகந்தியின் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். உனக்கு எழுதிய கடிதம்தான், ஆனால் முதலில் அவள் வாசிப்பாள், திகதி உட்பட. நீ இதை இப்போது வாசிக்கிறாய் என்றால், அவளிடம் கேட்டு, அவள் தரச் சம்மதித்து, வாங்கி வாசிக்கிறாய் என்று அர்த்தம்.

அம்மா